பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார்

தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் நம் காலனிவாசிகளில் பலர் நாள்தோறும் திலக் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு அருகாகவே நடந்து தத்தம் அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். கறுப்பு அங்கியணிந்த வக்கீல்களும், கையில் துணிப்பையுடன் வெளியூர்க் கட்சிக்காரர்களும் விரைந்து செல்வதைக் காண்கிறோம். உள்ளே நடப்பது யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நீதிமன்றத்தின் தலைமைப் பீடத்தில் இரண்டாவதாக அமர்ந்தவர் ஒரு தமிழர் என்பதும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. அவரே மண்டகொளத்தூர் பதஞ்சலி சாஸ்திரியார். 1951 முதல் 1954 வரை பாரதத்தின் பிரதம நீதிபதியாக வீற்றிருந்தவர். தமிழ்நாட்டிலிருந்து இரண்டாமவராக நீதியரசர் சதாசிவம் அப்பதவிக்கு வருவதற்கு 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதலின் இவ்வாண்டு மலரில் சாஸ்திரியாரின் வரலாற்றை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் எழுதத் துணிந்தேன். நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன், சட்டமும் பயின்றதில்லை. நம் காலனியில் குடியிருக்கும் வக்கீல் நண்பர் ஒருவர் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் பொறுமையுடன் எடுத்துக் காட்டிப் பொருளும் சொல்லித் தந்தார். பிழை இருப்பின் அது என்னுடையது.

சாஸ்திரியார் 1889ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி பிறந்தார். தந்தையார் பண்டித கிருஷ்ண சாஸ்திரியார், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தலைமை சம்ஸ்கிருத பண்டிதராக விளங்கியவர். இலக்கண மாபாஷ்யம் இயற்றிய முனிவரின் பெயரைத் தம் மகனுக்கு அவர் சூட்டியதில் வியப்பில்லை. அந்நாளில் பச்சையப்பன் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்திருக்கவில்லை. எஸ்பிளனேடு பகுதியிலேயே இருந்தது. அதற்கு எதிர்ப்புறத்தில் செந்நிறக் கோபுரங்களுடன் உயர் நீதிமன்றக் கட்டடம் எழும்பி 1892இல் திறக்கப்பட்டபோது நம் சாஸ்திரியார் மூன்று வயதுக் குழந்தை. தந்தை வியாகரணம் கற்பித்த தெருவின் மறுபுறமே மகனுக்கு வாழ்க்கைக் களமாக அமைந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, 1914இல் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். தொடக்க நாட்களில் அவரிடம் வந்த கட்சிக்காரர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார்களே மிகுதி. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தி, செட்டிநாட்டில் வீடு கட்டி வாழ்ந்த அம்மக்களின் வருமானம் எந்த நாட்டில் ஈட்டப்பட்டது, எந்த நாட்டில் வந்து சேர்ந்தது, எந்த ஆண்டின் கணக்கில் வரி விதிக்கத்தக்கது என்பவையெல்லாம் கணக்குப் பிள்ளைகளையே மயக்கும் கேள்விகள். அவற்றில் சாஸ்திரியார் தேர்ந்தார். 1922இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வருமான வரிக் கமிஷனர் தம் இலாகாவுக்கு நிரந்தர வக்கீலாக அவரையே நியமித்துக்கொண்டார். எதிர்க்கட்சியில் நின்று தம்மைத் திணற அடிப்பவரைத் தம் பக்கம் அமர்த்திக்கொள்வது சாமர்த்தியமான காரியந்தான்! பதினேழு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். வரிச் சட்டத்தில் இரக்கத்துக்கும் ஆவேசத்துக்கும் இடமில்லை. எழுத்து என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. பிற்காலத்தில் அவர் எழுதிய பெரிய தீர்ப்புகளிலும், சொல்லை நிறுத்துப் பார்க்கும் இப்பழக்கம் துலங்குவதை வக்கீல் நண்பர் எனக்குச் சுட்டிக் காட்டினார்.

1939ஆம் ஆண்டு மார்ச் 15இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அதற்கு முந்திய ஆண்டில் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் பட்ட கடனில், 1937 அக்டோபர் முதல் தேதியன்று நிலுவையாக இருந்த வட்டி முழுதும் ரத்து. அசலுக்கு இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது என்பது அதன் சாரம். கிராமந்தோறும் வழக்குகள் முளைத்தன. யார் விவசாயி? பங்காளிகளில் ஒருவன் விவசாயி, மற்றவன் வியாபாரி என்றால் என் செய்வது? அடமானத்தின் மேல் வாங்கிய கடன், பத்திரம் மாற்றி எழுதிய கடன் ஆகியவற்றுக்கு எந்தத் தேதி? இத்தகைய கேள்விகளை நீதிபதி வாட்ஸ்வொர்த்தும் சாஸ்திரியாரும் ஒருங்கே அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்து வைத்தனர். வெள்ளைக்கார நீதிபதி ஒருவரும் சம்ஸ்கிருத பண்டிதரின் மகனும் சேர்ந்து, கடனாளிக் குடியானவனுக்குச் சேர வேண்டியது எவ்வளவு, கொடுத்தவனுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்த காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அக்காலத்தில் மேல் முறையீடு எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தோற்றவன் அதற்கு மேல் போக வேண்டுமானால் லண்டனுக்குத்தான் போக வேண்டும். அங்கே டவுனிங் தெருவில் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழு அமர்ந்திருந்தது. ஆவணங்களையெல்லாம் அச்சிட்டுக் கப்பலில் அனுப்பி, அங்கே வக்கீல் அமர்த்திக் காத்திருக்க வேண்டும். தந்தை தொடுத்த வழக்குக்கு மகன் காலத்தில் முடிவு வருவதும் உண்டு. பெருநிலக்கிழார்க்கும் வணிகர்க்குமே இயன்ற காரியம் அது. அக்குழு தீர்ப்பு என்று சொல்லாது; மன்னருக்கு ஆலோசனை என்றே சொல்லும். மன்னருக்கு இரண்டு விதமாக ஆலோசனை கூறுதல் தகாது என்பதால், நீதிபதிகளுக்குள் கருத்து வேற்றுமை இருந்தாலும் வெளியே ஒரே குரல்தான் கேட்கும். 1937இல் டில்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்பட்டபோதும் சாதாரண வழக்குகள் லண்டனுக்கே போய்க்கொண்டிருந்தன.

சுதந்திரம் வந்தபின் இந்நிலை மாறியது. 1947 டிசம்பர் 6இல் சாஸ்திரியார் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டு டில்லி வந்து சேர்ந்தார். 1948 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சிவில் அப்பீல்கள் டில்லிக்கே வரலாயின. 1949 அக்டோபர் 10ஆம் தேதியோடு பிரிவி கவுன்சிலின் அதிகாரம் இந்நாட்டைப் பொறுத்தவரை முற்றிலும் நீங்கிற்று. 1950 ஜனவரி 26இல் கூட்டாட்சி நீதிமன்றமே உச்ச நீதிமன்றமாக உருமாறியது; 28ஆம் தேதி, பார்லிமெண்டுக் கட்டடத்தில் சமஸ்தான மன்னர்கள் கூடுவதற்காகக் கட்டிய மண்டபத்தில் முதன்முதல் அமர்ந்தது. பிரதம நீதிபதி ஹரிலால் கானியா. அவருடன் பஸல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மஹாஜன், முகர்ஜி, எஸ்.ஆர்.தாஸ் ஆகிய ஐவர். இன்று நாம் காணும் கட்டடத்துக்கு நீதிமன்றம் குடிபெயர்ந்தது 1958இல்தான். சாஸ்திரியார் அதில் நீதிபதியாக அமர்ந்ததே இல்லை.

புதிய அரசியல் சட்டம் மேல் முறையீட்டுக்கு வகுத்த வழிகள் சில. சிவில் வழக்கானால், தாவாச் சொத்தின் மதிப்பு 20,000 ரூபாய்க்குக் குறையாதிருக்க வேண்டும். அன்றேல், மேல் முறையீட்டுக்குத் தக்க வழக்கு என்று உயர் நீதிமன்றமே சான்று தர வேண்டும். கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் ஒரே முடிவைச் சொல்லியிருந்தால், சொத்து மதிப்புள்ளதாயினும் முக்கியமான சட்டப் பிரச்னை ஒன்றும் இருந்தாக வேண்டும். பணத்தைக் கொண்டு நீதியின் வாசலை அளக்கும் இந்த ஏற்பாடு 1972இல் நிறைவேறிய முப்பதாவது திருத்தத்தால் நீக்கப்பட்டது; பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி எழுகிறதா என்பதே அதன்பின் அளவுகோலாயிற்று. அந்த இருபதாயிரம் ரூபாய்க் கணக்கைப் படித்தபோது எனக்குச் சற்று மனக்கசப்பு உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? இரண்டு ஏக்கர் நஞ்சைக்காகப் போராடியவனுக்கு அந்த இரண்டு ஏக்கர்தானே உலகம்?

கிரிமினல் வழக்கில் விதி வேறு. கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்த ஒருவனை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி மரண தண்டனை விதித்தால் அவன் உரிமையோடு உச்ச நீதிமன்றம் வரலாம். உயர் நீதிமன்றம் வழக்கைத் தானே வரவழைத்து விசாரித்து மரண தண்டனை அளித்தாலும் அவ்வாறே. 1970இல் இயற்றிய சட்டத்தால், ஆயுள் தண்டனையோ பத்தாண்டுக்குக் குறையாத தண்டனையோ அவ்வாறு விதிக்கப்பட்டவர்களுக்கும் இவ்வுரிமை கிட்டியது. இவற்றுக்கெல்லாம் அப்பால் 136ஆவது ஷரத்து ஒன்று உண்டு. நாட்டின் எந்த நீதிமன்றத்தின் முடிவின் மீதும், இராணுவக் கோர்ட்டுகள் நீங்கலாக, உச்ச நீதிமன்றம் தன் விருப்பப்படி சிறப்பு அனுமதி அளிக்கலாம். கதவு அகலமானது, ஆயினும் எல்லோர்க்கும் திறப்பதில்லை. நீதிமன்றம் தொடங்கிய 1950ஆம் ஆண்டிலேயே, பிரீதம் சிங் என்பவரின் கொலை வழக்கில் நீதிபதி பஸல் அலி இதற்கொரு வரம்பு வகுத்தார். சாட்சியம் முழுவதையும் மீண்டும் புரட்டிப் பார்த்து நடத்தும் இன்னொரு விசாரணை அன்று இது. பெரும் அநீதி நேர்ந்திருக்கிறது என்று காட்டக்கூடிய அபூர்வமான வழக்குகளுக்கே இந்த அனுமதி என்பது அதன் கருத்து. சாட்சிகள் அங்கே வருவதில்லை. அச்சிட்ட ஆவணத் தொகுதியும், இரு தரப்பு வக்கீல்களின் வாதமும், நீதிபதிகளின் சிந்தனையுமே அங்கு உண்டு. நீதிபதிகள் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மையே தீர்ப்பு. ஆனால் பிரிவி கவுன்சிலைப் போலன்றி, மாறுபட்டவர் தம் காரணத்தைத் தனியே எழுதி வெளியிடலாம். அரசியல் சட்டத்துக்குப் பொருள் காணும் முக்கிய வழக்கானால் ஐவருக்குக் குறையாமல் அமர வேண்டும்.

காரணம் எழுதுதல் என்பதன் அருமையை நான் என் சொந்த அநுபவத்தில் உணர்ந்தவன். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், சரக்குப் பதிவேடு ஒன்றில் ஒரு தொகை ஏறாமல் விடுபட்டதற்காக எனக்கு ஓராண்டு இன்கிரிமெண்டு நிறுத்தப்பட்டது. விடுபட்டது என் ஷிப்டில் அன்று என்று நான்கு பக்கம் விவரமாக எழுதி மேலதிகாரிக்கு அப்பீல் செய்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்று. தொகை பெரிதன்று. என் நான்கு பக்கத்தை யாரேனும் படித்தார்களா என்பதே பல ஆண்டுகள் என் மனத்தை அரித்தது. சாஸ்திரியாரின் தீர்ப்புகளைப் பார்க்கும்போது, தோற்ற கட்சியின் வாதத்தை அவர் எவ்வளவு பொறுமையாக எடுத்துரைத்துப் பின்னர் விடை சொல்கிறார் என்பதிலேதான் என் கண் முதலில் சென்றது.

1950ஆம் ஆண்டு அவர் பெயரை நாடறியச் செய்தது. முதலில் வந்தது ஏ.கே.கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்டுத் தலைவரான கோபாலனைச் சென்னை அரசாங்கம் விசாரணையின்றிக் காவலில் வைத்திருந்தது. அவர் சார்பில் எம்.கே.நம்பியார் வாதாடினார். ஆறு நீதிபதிகளும் அமர்ந்து கேட்டு, மே 19ஆம் தேதி ஆறு தனித்தனித் தீர்ப்புகள் எழுதினர். காவலின் காரணத்தை நீதிமன்றத்துக்கும் வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாது. ஏனைய சட்டம் செல்லும் என்பது முடிவு. பஸல் அலியும் மஹாஜனும் மாறுபட்டனர். சாஸ்திரியார் பெரும்பான்மையோடு நின்றார். சட்டம் வகுத்த முறைப்படி என்ற சொற்றொடரில் சட்டம் என்பதற்கு அரசு இயற்றிய சட்டம் என்பதே பொருள். அதற்குள் இயற்கை நீதியை நுழைத்துப் பார்க்க இயலாது என்பது அவர் கொள்கை. இக்கொள்கை நிலைக்கவில்லை, 1970இலும் 1978இலும் வந்த தீர்ப்புகள் அதைக் கைவிட்டன. சாஸ்திரியாரிடம் எனக்கு மதிப்பு மிகுதியாயினும், இவ்விஷயத்தில் பஸல் அலி எழுதியதே என் மனத்துக்கு உகந்தது.

ஒரு வாரம் சென்றது. மே 26இல் அவரே மற்றொரு முகத்தைக் காட்டினார். பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்னும் ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரவே கூடாது என்று சென்னை அரசாங்கம் தடை விதித்திருந்தது. பொது அமைதிக்காக என்பது அதற்குச் சொன்ன காரணம். இது அப்பீல் அன்று; அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகிய மனு. சாஸ்திரியார் பெரும்பான்மைக்காகத் தீர்ப்பு எழுதினார். பேச்சுரிமை என்பதில், எழுதியதைப் பரப்பும் உரிமையும் அடங்கும். பரப்ப இயலாத எழுத்து இருந்தும் பயனில்லை. அரசியல் சட்டம் அவ்வுரிமையைக் கட்டுப்படுத்த அனுமதித்தது ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு ஊறு நேருமிடத்து மட்டுமே. பொது அமைதி என்பது அதைவிட மிக விரிந்த சொல். தெருச் சண்டையும் அதனுள் அடங்கும். ஆகவே அத்தகைய விரிந்த அதிகாரம் தரும் சட்டப் பிரிவு செல்லாது என்றார். கோபாலன் வழக்கில் அரசாங்கத்துக்கு வெற்றி தந்ததும் சொல்லை நிறுத்தது. தாப்பர் வழக்கில் தோல்வி தந்ததும் அதுவே. இதை உணர்ந்தால்தான் அவரைப் புரிந்துகொள்ள இயலும்.

மத்திய சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1951 ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளில் பொது அமைதியும் சேர்க்கப்பட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கும் அதே திருத்தம் காப்பு அளித்தது. ஜமீன்தார்கள் சங்கரி பிரசாத் வழக்கில் இத்திருத்தத்தை எதிர்த்தனர். அடிப்படை உரிமைகளைப் பார்லிமெண்டு குறைக்கலாகாது என்பது அவர்கள் வாதம். அக்டோபர் 5இல் ஐந்து நீதிபதிகள் ஒரு மனதாக அதைத் தள்ளினர். தீர்ப்பை எழுதியவர் சாஸ்திரியார். தம் தீர்ப்பைப் பயனற்றதாக்கப் பிறந்த திருத்தத்தைத் தாமே செல்லும் என்று எழுத நேர்ந்தது! சாதாரணச் சட்டம் வேறு, அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் வேறு என்று அவர் கோடு கிழித்தார். இக்கேள்வி அதோடு அடங்கவில்லை. 1967இல் கோலக்நாத் வழக்கு அதைப் புரட்டியது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு, திருத்தலாம், ஆனால் அடிப்படை அமைப்பைச் சிதைக்கலாகாது என்று நடுவழி கண்டது.

சங்கரி பிரசாத் தீர்ப்பு வந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், 1951 நவம்பர் 6இல், பிரதம நீதிபதி கானியா திடீரெனக் காலமானார். மறுநாளே சாஸ்திரியார் அப்பதவி ஏற்றார். ஸீனியாரிட்டிப்படி அவரே அடுத்தவர். ஆனால் வேறொருவரை நியமிக்கலாமா என்று சர்க்கார் யோசித்ததாகவும், ஸீனியாரிட்டியை மீறினால் ராஜினாமாச் செய்வோம் என்று மற்ற நீதிபதிகள் தெரிவித்ததாகவும் பிற்காலத்தில் நீதிபதிகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். ஸீனியாரிட்டிப் பட்டியலில் ஒரு வரிசை முன்பின் ஆனால் எங்கள் அலுவலகத்தில் எவ்வளவு புயல் கிளம்பும் என்பதை அறிந்த எனக்கு இச்செய்தியில் தனிச் சுவை உண்டாயிற்று. 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி நான்காமவர் பிரதம நீதிபதியாக்கப்பட்டபோது நாட்டில் எழுந்த கொந்தளிப்பைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பிரதம நீதிபதி என்றால் அவர் சொன்னதே தீர்ப்பு என்று நம்மில் சிலர் எண்ணுவர். அது தவறு. அமர்வில் அவர் வாக்கும் ஒரு வாக்குத்தான். பதவியேற்ற இரண்டே மாதத்தில் சாஸ்திரியார் ஆறு சகாக்களுக்கு எதிரே தனியராக நின்றார். கல்கத்தாவுக்கருகில் டம்டம்மில் ஜெஸப் தொழிற்சாலையை 1949இல் ஒரு கூட்டம் தாக்கியதில் உயிர்கள் கொடூரமாகப் பறிபோயின. அன்வர் அலி சர்க்கார் முதலான ஐம்பதின்மரை மேற்கு வங்க அரசாங்கம், அதற்கென இயற்றிய சட்டப்படி, தனிக் கோர்ட்டில் விசாரிக்கச் செய்து தண்டனையும் பெற்றுத் தந்தது. எந்த வழக்கைத் தனிக் கோர்ட்டுக்கு அனுப்புவது என்பது அரசாங்கத்தின் விருப்பம். அங்கு ஜூரி இல்லை, சுருக்கமான நடைமுறை. ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்கு ஒரு முறை, மற்றவனுக்கு வேறு முறை என்றால் சமத்துவம் எங்கே என்று கேட்டுக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. அரசாங்கத்தின் அப்பீலை எழுவர் கேட்டனர். 1952 ஜனவரி 11இல் ஆறு பேர் அதைத் தள்ளினர். பிரதம நீதிபதி மட்டும் அனுமதித்திருப்பார். விரைந்த விசாரணை தேவைப்படும் வழக்குகளைப் பிரித்தெடுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு வேண்டும். அதைத் துஷ்பிரயோகம் செய்தால் அந்தச் செயலை ரத்துச் செய்யலாமேயன்றிச் சட்டத்தையே ரத்துச் செய்ய வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

ஏழு வாரங்களில் ஸௌராஷ்டிரத்திலிருந்து கிட்டத்தட்ட அதே வகையான சட்டம் காதி ரனிங் ராவத் என்பவர் வழக்கில் வந்தது. கொலை, கொள்ளை மிகுந்த பகுதிகளில் குறிப்பிட்ட குற்றங்களுக்கென ஏற்பட்ட கோர்ட்டு அது. ஏன் அவ்வாறு பிரித்தார்கள் என்பதற்கு அரசாங்கம் விவரமும் தாக்கல் செய்தது. இம்முறை நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். சட்டம் செல்லும் என்ற நால்வரில் பிரதம நீதிபதி ஒருவர். ஒரு வழக்கில் தனித்து நின்றவர் அடுத்ததில் பெரும்பான்மையில் நின்றார். இடையே அவர் மாறவில்லை. சகாக்களில் சிலரே, இரு சட்டங்களுக்கும் இடையே வேற்றுமை கண்டனர்.

அதே ஆண்டு மார்ச் 31இல் வி.ஜி.ராவ் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பே இன்றளவும் மிகுதியாக எடுத்தாளப்படுவது. சென்னையில் மக்கள் கல்விச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ராவ் அதன் பொதுச் செயலாளர், தாமும் வக்கீல். 1950 மார்ச்சில் சென்னை அரசாங்கம் அதைச் சட்ட விரோதமான சங்கம் என்று பிரகடனம் செய்தது. சங்கத்தின் பக்கத்தைக் கேட்க நீதிமன்றம் இல்லை; அரசாங்கம் அமைக்கும் ஆலோசனைக் குழு ஒன்றே இருந்தது. உத்தரவைச் சம்பந்தப்பட்டவர்களிடம் நேரே சேர்ப்பிக்கவும் கட்டாயமில்லை; கெஜட்டில் வெளியிட்டால் போதும். சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைத் தள்ளியது. அரசாங்கம் அப்பீலுக்கு வந்தது. சாஸ்திரியார் அப்பீலைத் தள்ளுபடி செய்ததோடு, ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று எவ்வாறு அளப்பது என்பதையும் விளக்கினார். எந்த உரிமை பறிக்கப்படுகிறது, எதற்காக, தடுக்க விரும்பும் தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரம், மருந்து நோய்க்கு மிஞ்சியதா, அக்காலத்துச் சூழ்நிலை யாது ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமேயன்றி எல்லா வழக்குக்கும் ஒரே முழக்கோல் கிடையாது என்றார். சட்டசபையோடு போர் தொடுக்கும் ஆசையால் நீதிமன்றம் சட்டங்களைத் தள்ளவில்லை. அரசியல் சட்டமே அதைக் காவல் நிற்கப் பணித்திருக்கிறது என்றும் தெளிவுபடுத்தினார். வெளி மாநிலத்தில் பதிவு செய்து ஒரு சங்கத்தை நடத்திவரும் நமக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று. சங்கம் கூடும் உரிமையைப் பற்றி நாட்டின் தலைமை நீதிமன்றம் ஆதியில் சொன்ன முக்கியமான முடிவு, சென்னையிலிருந்து போன ஒரு சங்கத்தைப் பற்றியது.

1952 மே 13இல் பாபு ராஜேந்திர பிரசாத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது பிரமாணம் செய்து வைத்தவர் சாஸ்திரியாரே.

ஓய்வு பெறுமுன், 1953 டிசம்பரில், பேலா பானர்ஜி வழக்கு வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த மேற்கு வங்க அரசாங்கம் நிலங்களை எடுத்துக்கொண்டது. எப்போது எடுத்தாலும் நஷ்டஈடு 1946 டிசம்பர் 31இல் இருந்த விலைக்கு மேற்படாது என்று சட்டம் வரையறுத்திருந்தது. ஒருபுறம் வீடிழந்து வந்த மக்கள். மறுபுறம் நிலத்தை இழக்கும் சொந்தக்காரர். அரசாங்கத்தின் அப்பீலைச் சாஸ்திரியார் தள்ளினார். நஷ்டஈடு என்றால் இழந்ததற்கு ஈடு. பல ஆண்டுகள் கழித்து எடுக்கும் நிலத்துக்கும் பழைய விலையே என்று முடிவாகக் கட்டுவது ஈடாகாது என்றார். இங்கும் அதே சொல் நிறுப்புத்தான். அகதிகளை எண்ணி மனம் இளகியிருக்கலாகாதா என்று கேட்போர் இருப்பர். அகதிகளுக்கு இடம் தருவதை அவர் தடுக்கவில்லை. அதன் செலவை ஒரு சிலர் தலையில் மட்டும் ஏற்றுவதையே மறுத்தார் என்பது என் கருத்து. 1955இல் நான்காவது திருத்தம், நஷ்டஈடு போதுமானதா என்ற கேள்வியையே நீதிமன்றத்தின் கையிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாம் முறையாக அவர் தீர்ப்பு ஒரு திருத்தத்துக்குக் காரணமாயிற்று!

1954 ஜனவரி 3ஆம் தேதி, அறுபத்தைந்து வயது நிறையும் தறுவாயில், சாஸ்திரியார் ஓய்வு பெற்றார். மஹாஜன் அப்பதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டும் இரண்டு மாதமுமே அவர் தலைமை தாங்கிய காலம். ஓய்வுக்குப்பின் தந்தையாரின் துறைக்குத் திரும்பினார் என்று சொல்லலாம். திருப்பதியில் மத்திய சர்க்கார் கேந்திரிய சம்ஸ்கிருத வித்யாபீடம் ஏற்படுத்தியபோது, அதை நடத்தும் சபைக்கு முதல் தலைவரானார். பச்சையப்பன் கல்லூரிப் பண்டிதரின் மகன், நாட்டின் மிக உயர்ந்த நீதி பீடத்தைச் சுற்றி வந்து, முடிவில் சம்ஸ்கிருத மாணவர்களின் வகுப்பறைக்கே வந்து சேர்ந்தார். 1962இல் வித்யாபீடம் பணி தொடங்கியது. 1963 மார்ச் 16இல் சாஸ்திரியார் காலமானார். அவ்வித்யாபீடம் 2020இல் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு, திருப்பதி ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் நடந்து வருகிறது. ஏழுமலையான் தரிசனத்துக்குச் செல்லும் நம் குடும்பங்கள் நேரமிருந்தால் ஒரு முறை அங்கும் சென்று வரலாம்.